நீங்களே கட்டிய பெட்டியா?

ஃப்ரேம் கடையிலிருந்து ஏர்போர்ட் குடியிருப்புக்கு
ஜனவரி 9

மதிப்புக்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். இங்கே கடையும் நானும் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறோம். உங்கள் கண் எரிச்சல் தேவலையா? நாள் முழுக்கப் பயணிகள் பெட்டியைக் காட்டும் அந்த எக்ஸ்ரே திரையையே உற்றுப் பார்த்தால் எரியாமல் என்ன செய்யும்? சம்பந்தி ஐயாவின் இருமல் அடங்கியதா என்றும் எழுதுங்கள்.

மாப்பிள்ளை கடிதம் போட்டிருந்தார். பிப்ரவரியில் நீங்கள் அவர்களைப் பார்க்கப் போகிறீர்களாம். படித்துவிட்டுக் கடையில் தனியாகச் சிரித்தேன். படத்துக்கு ஃப்ரேம் போட வந்தவர் என்னவோ ஏதோ என்று பார்த்தார். ஊர் உலகத்தையெல்லாம் விமானம் ஏற்றி அனுப்புகிறவர், தான் மட்டும் ஒரு தடவைகூட ஏறியதில்லை என்றால் சிரிப்பு வராதா? ஜன்னல் பக்கம் இடம் கேட்டு வாங்குங்கள்.

ஒரு சின்ன உபகாரம் வேண்டும். என் மகளுக்கு இது மூன்றாம் மாதம். தளர்வான உடுப்பு நாலு, ஒரு கம்பளிச் சால்வை, அப்புறம் கல்யாணப் படம் ஒன்று. நானே கைப்பட ஃப்ரேம் போட்டது. இத்தனை நாளும் எதிர்வீட்டு நர்ஸ் போகும்போது ஏதாவது பொட்டலம் கொடுத்து அனுப்புவேன். அவள் அந்த ஊர் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டாள். தபாலில் போட்டால் கண்ணாடி பொடிப்பொடியாகிவிடும். நானே பக்குவமாகக் கட்டி, தைத்து அனுப்புகிறேன். நீங்கள் பெட்டியில் ஒரு ஓரமாக வைத்தால் போதும்.

பூத்துக்குப் போய்ப் போனில் கேட்டிருக்கலாம். ஆனால் பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் நம் வீட்டு விஷயத்துக்கு அபிப்பிராயம் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். அதனால்தான் கடிதம்.

பதிலை எதிர்பார்க்கும்,
ஃப்ரேம் கடைச் சம்பந்தி


ஏர்போர்ட் குடியிருப்பிலிருந்து ஃப்ரேம் கடைக்கு
ஜனவரி 18

அன்புள்ள சம்பந்திக்கு,

வணக்கம். கண் பரவாயில்லை. அவருக்கு இருமல் அப்படியேதான்; மருந்தைக் கொடுத்தால் கசக்கிறது என்று சின்னப் பிள்ளை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். உங்களுக்கு முதுகுப் பிடிப்பு விட்டதா?

தாராளமாகக் கொடுங்கள், கொண்டு போகிறேன். ஆனால் கட்டித் தைத்து அனுப்பாதீர்கள். எல்லாம் திறந்தபடி வர வேண்டும். நான் ஒவ்வொன்றையும் பிரித்து, உதறிப் பார்த்துவிட்டு, என் கையால் பெட்டியில் அடுக்குவேன். தப்பாக நினைக்காதீர்கள். என் கூடப்பிறந்த அக்கா கொடுத்தாலும் இப்படித்தான்.

ஏன் என்று சொல்கிறேன். போன மாதம் ஒருவர் டார்ச் லைட் ஒன்றைக் கொண்டு வந்தார். திரையில் பார்த்தால் பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் வேறு என்னவோ திணித்திருக்கிறது. "இது என்னோடது இல்ல மேடம், என் மச்சான் கொடுத்தான். அவன் தப்பு பண்ற ஆளே இல்ல" என்றார். என்னோடு வேலை பார்ப்பவள் ஒருத்தி, கழுகு என்று கூப்பிடுவோம், ஊசி இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. "அப்போ நீங்கதான் பண்ணினீங்களா?" என்று கேட்டாள். பாவம், அவரை அதிகாரியிடம் கூட்டிப் போனார்கள். அடுத்தவர் பொட்டலத்தைக் கையில் வாங்கிய நிமிஷத்திலிருந்து அது நம்முடையது. அதற்குள் என்ன இருந்தாலும் பதில் சொல்ல வேண்டியது நாம்தான்.

"இந்தப் பெட்டியை நீங்களே கட்டினீங்களா? வேற யாராவது எதாவது கொடுத்தாங்களா?" வருஷக்கணக்காக இந்த இரண்டு கேள்வியையும் கேட்டுக் கேட்டு, வீட்டில் அவர் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கினாலும் கேட்க வாய் வருகிறது. கேட்கிற நானே பயணம் போகும்போது பதில் தெரியாமல் முழித்தால் என் மானம் போய்விடும்.

மருந்து ஏதும் இருந்தால் யாருக்கோ அவர் பெயரில் டாக்டர் சீட்டு கூடவே இருக்க வேண்டும். சீட்டு இல்லாத மருந்து வேண்டவே வேண்டாம்.

உங்கள் சம்பந்தி,
ஏர்போர்ட்டிலிருந்து


ஃப்ரேம் கடையிலிருந்து மகளுக்கு
ஜனவரி 21

பாப்பா,

நீ நன்றாகச் சாப்பிடுகிறாயா, வாந்தி குறைந்ததா? எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை. நர்ஸ் அக்கா இனிமேல் உன் ஊருக்கு வர மாட்டாள். கடைசியாக அவள் கையில் கொடுத்த மாத்திரை இன்னும் கொஞ்ச நாளுக்குத்தான் வரும். அதன் பிறகு என்ன செய்வாய்?

உன் மாமியார் வருகிறாரே, அவரிடம் கொடுக்கலாம் என்று பார்த்தேன். எல்லாவற்றையும் பிரித்துப் பார்ப்பேன், சீட்டு இல்லாத மருந்து கூடாது என்று எழுதிவிட்டார். சீட்டைக் கொடுத்தால் அதில் உன் பெயரும் இருக்கும், நோயும் இருக்கும். அவர் நல்லவர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பையைத் திறந்து பார்ப்பதே பிழைப்பாக இருப்பவர். ஒன்று கண்ணில் பட்டால் விடுவாரா?

முதலில் வந்த வரனிடம் நான் உண்மையைச் சொன்னேன். "பொண்ணுக்குப் பள்ளிக்கூட நாள்லேர்ந்து எப்பவாவது ஃபிட்ஸ் வரும், மாத்திரை போட்டா ஒண்ணும் இல்ல" என்றேன். நிச்சயத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது வேண்டாம் என்றார்கள். அதோடு விட்டார்களா? தெரு முழுக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். நீ அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது எனக்கு மறக்கவில்லை. இந்த வீட்டிலும் அப்படி ஆக விடமாட்டேன். மாப்பிள்ளைக்கும் தெரியாமல் இத்தனை நாள் சமாளித்துவிட்டாய். இப்போது வயிற்றில் வேறு ஒன்று இருக்கிறது. மாத்திரை நிற்கவே கூடாது.

ஃப்ரேம் வந்து சேர்ந்ததும் யாரும் இல்லாதபோது பின்பலகையைக் கழற்று. படத்துக்கும் பலகைக்கும் நடுவில் மாத்திரையை வரிசையாக வைத்திருக்கிறேன். மேலே அட்டை, அதற்கு மேல் பலகை, சுற்றிலும் ஆணி. என் கை வேலை உனக்குத் தெரியுமே, யாருக்கும் சந்தேகம் வராது. இதைப் படித்ததும் கிழித்துப் போடு.

உன் அம்மா


ஃப்ரேம் கடையிலிருந்து ஏர்போர்ட் குடியிருப்புக்கு
ஜனவரி 27

மதிப்புக்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். முதுகு சரியாகிவிட்டது. கேட்டதற்கு நன்றி.

நீங்கள் எழுதியதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. படித்தவுடனே கொஞ்சம் சுருக்கென்றது, பொய் சொல்வானேன். அப்புறம் டார்ச் லைட்காரர் கதையைப் படித்ததும் நீங்கள் சொல்வதுதான் சரி என்று தோன்றியது. என் தம்பி வேறு வேலையாக உங்கள் ஊர்ப் பக்கம் வருகிறான். அவனிடம் எல்லாவற்றையும் திறந்தபடி கொடுத்திருக்கிறேன். நன்றாக உதறிப் பாருங்கள்.

ஃப்ரேமை மட்டும் பிரிக்க வேண்டாம். பின்பலகைக்கு ஆணி அடித்துக் காகிதம் ஒட்டியாகிவிட்டது. கழற்றினால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். உங்கள் படமும் அதில் இருக்கிறது, நடுவில்.

இன்னொன்று, சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். பக்கத்துக் கடைக்காரர் கேட்கச் சொன்னார். சீட்டு இல்லாமல் மாத்திரை கொண்டு போனால் அப்படி என்னதான் செய்வார்கள்?

உங்கள் ஃப்ரேம் கடைச் சம்பந்தி


ஏர்போர்ட் குடியிருப்பிலிருந்து ஃப்ரேம் கடைக்கு
பிப்ரவரி 5

அன்புள்ள சம்பந்திக்கு,

வணக்கம். உங்கள் தம்பி பத்திரமாக வந்து கொடுத்தார். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல், உட்காரச் சொன்னாலும் உட்காராமல் ஓடிவிட்டார். வீட்டில் எல்லாரும் சுகமா?

உடுப்புகளைப் பிரித்துப் பார்த்தேன். தையல் ஜோர். சால்வையை என் தோளில் போட்டுக் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன், என் மருமகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஃப்ரேமைக் கையில் எடுத்துத் திருப்பினேன். உளி எடுத்து ஆணியை நெம்பலாம் என்றுதான் இருந்தேன். படத்தில் நான் உம்மென்று நிற்கிறேன், உங்கள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கு அவள் கை சில்லென்று இருந்தது ஞாபகம் வந்தது. என் குடும்பப் படத்தைப் போய் நானே உடைப்பேனா என்று அப்படியே சால்வையில் சுற்றிக் கைப்பையில் வைத்துவிட்டேன். எனக்கு இது புதுசு. கழுகிடம் சொன்னால் சிரிப்பாள்.

பத்தாம் தேதி கிளம்புகிறேன். அவருக்கு லீவு கிடைக்கவில்லை, நான் மட்டும். பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லுங்கள், செய்வதையெல்லாம் செய்வார்கள், அதனால் சீட்டை வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் சம்பந்தி,
இதுவரை தரையிலேயே இருப்பவள்


மகளிடமிருந்து ஃப்ரேம் கடைக்கு
பிப்ரவரி 6

அம்மா,

உன் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. நான் நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கக்கூட இப்போது நேரமில்லை. தயவுசெய்து அந்த ஃப்ரேமில் எதையும் வைக்காதே. வைத்திருந்தால் எடுத்துவிடு.

அவருக்குத் தெரியும் அம்மா. பெண் பார்க்க வந்த அன்றைக்கே, எங்களைத் தனியாகப் பேசச் சொன்னபோதே சொல்லிவிட்டேன். "அவ்வளவுதானே? நான் வேற என்னமோன்னு பயந்துட்டேன்" என்றார். உன்னிடம் சொல்லவில்லை, நீ என் தலையில் அடித்து வாக்கு வாங்கியிருந்தாய். இங்கே வந்த நாளிலிருந்து ஒரு டாக்டர் அம்மாவிடம் காட்டுகிறோம். மாத்திரையை மாதாமாதம் உன் மாப்பிள்ளைதான் வாங்கி வருகிறார். நீ நர்ஸ் அக்காவிடம் கொடுத்து அனுப்பியதெல்லாம் பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது. வேண்டாம் என்று சொன்னால் நீ அழுவாயே என்று வாங்கி வாங்கி வைத்தேன்.

குழந்தை உண்டான பிறகு டாக்டர் மாத்திரையையே மாற்றிவிட்டார். பழையது குழந்தைக்கு ஆகாதாம். நீ ஆணி அடித்து அனுப்புகிறாயே, அதுதான் அந்தப் பழையது.

அத்தைக்குத்தான் தெரியாது. மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இவர் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறார். தந்தி அடித்தால் தெருவுக்கே தெரிந்துவிடும் என்று நீ பயப்படுவாய்; அதனால் இந்தக் கடிதம் சீக்கிரம் வந்து சேர வேண்டும்.

உன் பாப்பா


ஃப்ரேம் கடையிலிருந்து ஏர்போர்ட் சம்பந்திக்கு, மகன் வீட்டு விலாசத்தில்
பிப்ரவரி 24

மதிப்புக்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்களா? விமானத்தில் காது அடைத்ததா? அந்த ஊர்க் குளிர் ஒத்துக்கொள்கிறதா?

இங்கே எல்லாரும் சுகம். மகள் எழுதிய கடிதம் ஒன்று இன்றைக்குத்தான் கைக்கு வந்தது. நீங்கள் போய் இரண்டு வாரம் ஆகிறது. சேர்ந்த செய்தி ஒரு வரி வந்தால் மனசு நிம்மதியாகும்.

ஃப்ரேம் பத்திரமாக வந்ததா? கண்ணாடிதான் கவலை. வேறு ஒன்றும் இல்லை.

உங்கள் ஃப்ரேம் கடைச் சம்பந்தி


ஏர்போர்ட் சம்பந்தியிடமிருந்து, மகன் வீட்டிலிருந்து
மார்ச் 11

சம்பந்திக்கு,

நான் சுகம். உங்கள் மகள் சுகம், குழந்தை அசைய ஆரம்பித்திருக்கிறது. இதை முதலில் எழுதிவிடுகிறேன், நீங்கள் இதற்காகத்தான் காத்திருப்பீர்கள்.

கண்ணாடி உடைந்துவிட்டது. எப்படி என்று சொல்கிறேன். பத்தாம் தேதி நான் தினமும் உட்காரும் அதே பெல்ட்டில் என் கைப்பையை வைத்தேன். அன்றைக்கு என் நாற்காலியில் கழுகு. எல்லாரும் கேலி பண்ணிக்கொண்டிருந்தார்கள். "மேடம், இன்னைக்கு எங்க முறை" என்று சிரித்த கழுகு திடீரென்று சிரிப்பை நிறுத்தினாள். திரை நான் நின்ற இடத்துக்கும் தெரிந்தது. படம் எக்ஸ்ரேயில் தெரியாது. ஆணி தெரியும். அந்த ஆணிகளுக்கு நடுவே வரிசை வரிசையாகக் குட்டி வட்டங்கள். அது என்ன என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டுமா?

"மேடம், இதை நீங்களே கட்டினீங்களா? யாராவது கொடுத்தாங்களா?" என்று கேட்டாள். 

யார் வைத்தது, எதற்கு என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் சம்பந்தி கொடுத்தார் என்று வாயைத் திறந்தால் உங்கள் வீட்டுக்கு ஆள் வரும், அந்தப் பக்கம் என் மகனும் மருமகளும் வந்து நிற்க வேண்டியிருக்கும். அது மட்டும் பளிச்சென்று தெரிந்தது. "நானே கட்டினது, என்னோட மாத்திரை" என்றேன். பலகையைப் பெயர்த்தார்கள். கண்ணாடி அப்போது போனதுதான். மருத்துவ அறையிலிருந்து டாக்டர் வந்து பெயரைப் படித்துவிட்டு, "இது வலிப்புக்குக் கொடுக்கிறதாச்சே, உங்களுக்கா?" என்றார். "ஆமா" என்றேன். எழுதிக்கொண்டார். மாத்திரையை எடுத்துக்கொண்டு என்னை விட்டுவிட்டார்கள். உடைந்த கண்ணாடியைக் கொட்டிவிட்டுப் படத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு முதல் தடவையாக விமானம் ஏறினேன். ஜன்னல் பக்கம்தான். வெளியே என்ன தெரிந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

இங்கே வந்து படத்தை மேஜைமேல் வைத்தேன். உங்கள் மகள் பார்த்ததும் அழுதுவிட்டாள். எல்லாம் சொன்னாள். அலமாரியையும் திறந்து காட்டினாள். என் மகனுக்கு முதல் நாளே தெரியுமாம். "உங்ககிட்ட எப்படிம்மா சொல்றது, நீங்க ஒண்ணைப் பிடிச்சா விடமாட்டீங்களே" என்கிறான்.

நோய்க்காக எனக்குக் கோபம் இல்லை. அது யாருக்கும் வரும். நீங்களும் மறைத்தீர்கள், அவளும் மறைத்தாள், நான் பெற்றவனும் மறைத்தான். மூன்று பேரும் ஒருத்திக்குப் பயந்து. அப்படி என்ன பேய் நான்? உங்களை நம்பி அந்த ஆணியைத் தொடாமல் விட்டேனே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

வேறு எழுத இப்போது மனம் இல்லை.

ஏர்போர்ட் சம்பந்தி


ஃப்ரேம் கடையிலிருந்து மகன் வீட்டு விலாசத்துக்கு
மார்ச் 23

சம்பந்தி அம்மா,

நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்கவே எனக்கு முகம் இல்லை.

முதல் வரன் போன கதையை மகள் சொல்லியிருப்பாள். அந்தப் பையனின் அம்மாவும் நல்லவர்தான் சம்பந்தி, எங்கள் வீட்டில் உட்கார்ந்து என் மகள் தலையை வருடிக் கொடுத்தவர். அதற்கப்புறம் நல்லவர்களைப் பார்த்தால்தான் எனக்கு அதிகமாகப் பயம். உங்களைப் பார்த்துப் பயந்தேன், நிஜம். நீங்கள் பேய் என்பதால் இல்லை. உங்களை இழந்தால் என் மகளுக்கு இனிமேல் இப்படி ஒரு வீடு கிடைக்காது என்பதால்.

என் கையால் அடித்த ஆணி ஒவ்வொன்றும் இப்போது என்னைக் குத்துகிறது. உங்களை ஜெயிலில் போட்டிருந்தால்? என் பேரக் குழந்தைக்கு ஆகாததையே நான் அனுப்பியிருக்கிறேனே, அதை அவள் விழுங்கியிருந்தால்? கடையில் சுத்தியலை எடுத்தாலே கை உதறுகிறது. வருகிற வேலையைத் தம்பி பார்க்கிறான்.

திட்டி ஒரு கடிதமாவது போடுங்கள்.

உங்கள் சம்பந்தி


ஃப்ரேம் கடையிலிருந்து ஏர்போர்ட் குடியிருப்புக்கு
மே 6

சம்பந்தி அம்மா,

ஊருக்குத் திரும்பிவிட்டீர்கள் என்று மாப்பிள்ளை எழுதினார். உடம்பு எப்படி இருக்கிறது? பதில் வேண்டாம். நீங்கள் சுகம் என்று தெரிந்தால் போதும்.

பிரசவத்துக்கு ஜூலையில் நான் போகிறேன். உங்கள் ஊரிலிருந்துதான் விமானம். உங்களுக்கு என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் நான் ரயிலடியிலிருந்து நேராகப் போய்விடுவேன்.

சம்பந்தி


ஏர்போர்ட் குடியிருப்பிலிருந்து ஃப்ரேம் கடைக்கு
ஜூன் 2

அன்புள்ள சம்பந்திக்கு,

நேராகப் போய்விடுவாராம்! ஏன், என் வீட்டில் ஒரு வேளைச் சோறு கிடைக்காதா? முதலில் வீட்டுக்கு வருகிறீர்கள், குளிக்கிறீர்கள், சாப்பிடுகிறீர்கள். அப்புறம்தான் விமானம். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. அவர் இருமலும் ஒருவழியாக ஓய்ந்தது.

பதில் போடாதது கோபத்தால் இல்லை. கோபம் ஏப்ரலிலேயே போய்விட்டது. ஒருநாள் சமையலறையில் நானும் அவளும் நின்றுகொண்டிருந்தோம். பேசிக்கொண்டே இருந்தவள் பாதியில் நிறுத்தி என் தோளில் சாய்ந்தாள். அப்படியே கீழே உட்கார வைத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு என் மடியைக் கொடுத்தேன். எனக்கு உயிரே போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தாள். "அத்தை, பால் பொங்கிடுச்சா?" என்று கேட்டாள். நான் அழுதுகொண்டே சிரித்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. டாக்டர் அம்மா பார்த்துவிட்டு மாத்திரை அளவைக் கொஞ்சம் கூட்டினார், குழந்தைக்கு ஒன்றும் இல்லை என்றார். அதற்குப் பிறகு வலிப்பு வரவில்லை. இதை அவளை முந்திக்கொண்டு நானே உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். இனி நமக்குள் மூடி வைப்பது வேண்டாம்.

இங்கே என்னை வேறு பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். பயணிகள் விட்டுவிட்டுப் போன சாமான்கள் அறை. குடை, ஒற்றைச் செருப்பு, ஒரு பல் செட்கூட இருக்கிறது, கேட்டு யாரும் வரவில்லை. கண்ணுக்கு நல்ல ஓய்வு. இப்போதெல்லாம் பகலிலேயே கடிதம் எழுத முடிகிறது.

குழந்தைக்கு நாலு சட்டை, இரண்டு குல்லா பின்னியிருக்கிறேன். கொண்டு போங்கள். நீங்களே பிரித்துப் பார்த்து, நீங்களே கட்ட வேண்டும்.

உங்கள் சம்பந்தி


ஃப்ரேம் கடைச் சம்பந்தி, மகள் வீட்டிலிருந்து
ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு,

இனிமேல் இப்படித்தான் எழுதப் போகிறேன். பத்திரமாக வந்து சேர்ந்தேன். பாப்பா நலம், நாள் நெருங்கிவிட்டது. மாப்பிள்ளை அவளைத் தரையில் நடக்கவே விடுவதில்லை. உங்கள் குல்லாவை அவரே தலையில் போட்டுப் பார்த்தார், நெற்றிக்கு மேல் போகவில்லை.

"இனி நமக்குள் மூடி வைப்பது வேண்டாம்" என்று எழுதினீர்களே, அக்கா. ஒரு பொழுது முழுக்க உங்கள் வீட்டில் இருந்தேன். எனக்குச் சோறு போட்டீர்கள், வாசல் வரை வந்து வழியனுப்பினீர்கள். ஒரு வார்த்தை சொன்னீர்களா?

உள்ளே போய் வரிசையில் நின்றேன். நீங்கள் உட்கார்ந்த நாற்காலி எது என்று பார்க்க ஆசை. கழுகு என்று நீங்கள் சொல்வீர்களே, பார்த்ததும் தெரிந்துவிட்டது. "நான் அவங்க சம்பந்தி" என்றேன். அந்தப் பெண் முகம் வாடிவிட்டது. குரலைத் தாழ்த்தி, "மேடத்த நல்லா பாத்துக்கங்கம்மா. பாவம், இத்தனை வருஷம் அந்த நோயை வச்சுக்கிட்டு எங்களுக்குத் தெரியாமலே வேலை பாத்திருக்காங்க. வலிப்பு இருக்கிறவங்க திரை முன்னாடி உக்காரக் கூடாதுன்னு மருத்துவ போர்டு எழுதிடுச்சு. அங்க உள்ள ரூம்ல போட்டுட்டாங்க. எங்க விழுந்துடுவாங்களோன்னு நாங்க கூடவே நடக்கிறோம்" என்றாள்.

 என் மகளுக்கு வந்த நோயை உங்கள் பெயரில் எழுதி வாங்கிக்கொண்டு, அந்த அறையில் ஒற்றைச் செருப்புகளோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். எதை ஊர் அறியக்கூடாது என்று நான் மூடி மூடி வைத்தேனோ, அதை நீங்கள் உங்கள் ஆபீஸ் முழுக்கச் சுமந்துகொண்டிருக்கிறீர்கள்.

அந்தப் பெண் வழக்கம்போலக் கேட்டாள். "பெட்டியை நீங்களே கட்டினீங்களாம்மா? யாராவது எதாவது கொடுத்தாங்களா?"

"நானே கட்டினேன். என் சம்பந்தி குழந்தைக்குச் சட்டை கொடுத்தாங்க, பிரிச்சுப் பாத்துத்தான் வச்சேன்" என்றேன். அதோடு நகர்ந்திருக்கலாம். பின்னால் வரிசை நீளமாக இருந்தது. "இன்னொண்ணும் சொல்லணும். பிப்ரவரியில உங்க மேடம் கையில இருந்த மாத்திரை அவங்களது இல்ல. அது என் மகளோடது. என் மகளுக்கு வலிப்பு இருக்கு. ஃப்ரேமுக்குள்ள வச்சு ஆணி அடிச்சது நான். அவங்களுக்குத் தெரியாது" என்றேன். சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறேன் போல. வரிசையே திரும்பிப் பார்த்தது. தெருவில் யாருக்காவது கேட்டுவிடுமோ என்று வீட்டுக்குள்ளேயே கிசுகிசுத்த சொல் அது. சொல்லி முடித்ததும் ஒன்றும் இடிந்து விழவில்லை அக்கா. ஒரு அம்மாள் தன் பையை நகர்த்தி எனக்கு உட்கார இடம் கொடுத்தார், அவ்வளவுதான்.

உங்கள் பெரிய அதிகாரியிடம் கூட்டிப் போனார்கள். எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். "இதுக்கு உங்க மேல நடவடிக்கை எடுக்கலாம், தெரியுமா?" என்றார். "எடுங்க, ஆனா முதல்ல அவங்க பேருல எழுதினதை அடிங்க" என்றேன். நான் ஊர் திரும்பியதும் நேரில் ஆஜராக வேண்டும் என்று எழுதி அனுப்பிவிட்டார். விமானக் கதவு மூடுகிற நேரத்தில் கழுகுதான் என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

உங்களைக் கேட்காமல் செய்துவிட்டேன். திட்டுங்கள்.

உங்கள் தங்கை


ஏர்போர்ட் குடியிருப்பிலிருந்து மகன் வீட்டுக்கு
ஆகஸ்ட் 14

தங்கச்சிக்கு,

பேத்தி பிறந்த தந்தி கிடைத்தது. தாயும் சேயும் நலம் என்ற வரியை அவர் நாலு தடவை படிக்கச் சொன்னார். உன் முதுகு எப்படி இருக்கிறது? குழந்தையைத் தூக்கித் தூக்கிப் பிடித்துக்கொள்ளப் போகிறது, பார்த்து.

யாரைக் கேட்டு எழுதிக் கொடுத்தாய்? வாசலில் வழியனுப்பிவிட்டு வேலைக்குப் போனால், மத்தியானத்துக்குள் ஏர்போர்ட் முழுக்க நம் வீட்டுக் கதைதான். அதிகாரி என்னைக் கூப்பிட்டுக் கத்து கத்து என்று கத்தினார். பாதுகாப்புச் சோதனையில் பொய் சொன்னதற்காகக் கடுமையான எச்சரிக்கை, என் பதிவில் ஏறிவிட்டது. அது சரிதான். டார்ச் லைட்காரரை நான் விட்டேனா, என்னை மட்டும் விட?

மறுபடி டாக்டர் போர்டு பார்த்தது. எனக்கு ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். போன திங்கள்கிழமை என் நாற்காலியைத் திரும்பக் கொடுத்தார்கள். கழுகு துடைத்து வைத்திருந்தாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். அந்த அறையில் மூன்று மாதத்துக்கு மேல் இருந்தேன். தேநீர் கொடுத்தால் கப்பைப் பாதிதான் நிரப்புவார்கள், கொட்டிக்கொள்வேனாம். படி இறங்கினால் இரண்டு பேர் கையை நீட்டுவார்கள். நல்ல எண்ணத்தில்தான். ஆனாலும் எனக்கு எரிச்சலாக வந்தது. அப்போதுதான் என் மருமகள் பள்ளிக்கூட நாளிலிருந்து எதைச் சுமந்தாள், நீ எதற்காக ஆணி அடித்தாய் என்று புரிந்தது. உன்னிடம் சொன்னால் நீ அழுவாய். அதற்காக நான் வாயை மூடினேன். பார்த்தாயா, உன் மகள் மாத்திரையை அலமாரியில் அடுக்கிய அதே காரணம்தான்.

மேஜைமேல் அந்தக் கல்யாணப் படம் சும்மா கிடக்கும், எடுத்து வா. பேத்தியை வைத்து இன்னொரு படமும் எடுத்து, இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஃப்ரேமாகப் போட்டுக் கொடு. சுத்தியலை எடுக்கக் கை உதறுகிறது என்று எழுதியிருந்தாயே, அதனால் ஆணி வேண்டாம். பின்பலகைக்குத் திறந்து மூடுகிற மாதிரி ஒரு கொக்கி போதும்.

வரும்போது பெட்டியை நீயே கட்டு.

அக்கா